தவிட்டுக்கு வாங்கிய கொக்கு

எங்கள் வீட்டில் என் மகளைக் கழுதை என்போம். எருமை என்போம். கருமம், கண்றாவி, மூதேவி எல்லாம் உண்டு. அவள் குளித்து, தலை வாரி, புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், "அட கருமமே, கொரங்குக்குட்டி மாதிரி நிக்கறதைப் பாரு" என்பார் அவள் அப்பா. அவளும் சிரித்துக்கொண்டே ஓடுவாள். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பெற்ற பிள்ளையை இப்படியா பேசுவது என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருந்தோம்.

"நாங்க பெத்ததில்லீங்க. தவுட்டுக்கு வாங்குனது."

பெற்றது நான்தான். வலி முழுக்க எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று தவழ்கிற வயதில் போயிற்று, இன்னொன்று அதற்கும் முன்னால். அதை விரித்து எழுத எனக்கு இப்போதும் மனமில்லை. அதனால் இவள் பிறந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி முறத்தில் போட்டுக் கொண்டுபோய், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் வைத்துவிட்டு வந்தோம். கிழக்கு வீட்டு அக்கா வந்து எடுத்தாள். அவளுக்கு வீடு நிறையப் பிள்ளைகள், எல்லாம் இரும்புத் துண்டு மாதிரி. குப்பையில் கிடைத்த பிள்ளை எனக்குத்தான் என்று இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே நாங்கள் ஒரு முறம் தவிட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, விலைக்கு வாங்கி வந்தோம். நம் பிள்ளை என்று சொந்தம் கொண்டாடினால்தானே எமன் வருவான்? அடுத்தவள் பிள்ளையை, அதுவும் குப்பையில் கிடந்ததை, எவன் தேடி வரப்போகிறான் என்பது கணக்கு.

இன்றைக்கு அவளுக்குத் தலை நரைத்துவிட்டது, மருமகன் எடுத்துவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிக்கிறவர்களுக்கு நெஞ்சு படபடக்காது.

எங்கள் தோட்டம் கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே. நெல் வயல், வரப்பெல்லாம் பனை, தெற்கே பார்த்தால் மலை. என் வீட்டுக்காரர் ஊரில் பெரிய சீர்திருத்தக்காரர் என்று பேர் வாங்கியவர். ராகு காலத்தில் பம்புசெட் போட்டவர். டீக்கடையில் உட்கார்ந்தால் பஞ்சாங்கத்தைக் கிழி கிழி என்று கிழிப்பார். பூனை குறுக்கே போனால் அதற்கும் ஏதோ வேலை இருக்கும் என்பார். இவ்வளவும் பேசிவிட்டு வீட்டுக்கு வந்ததும், "ஏ புள்ள, இன்னைக்குப் புள்ளையை ஆராச்சும் உத்துப் பாத்தாங்களா?" என்று கேட்பார். பாத்தாங்க என்று சொல்லிவிட்டால் போச்சு. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, அது வெடிக்கிற சத்தம் அவர் காதில் விழுந்தால்தான் சோறு இறங்கும். திருவிழாவுக்குத் தூக்கிப் போக விடமாட்டார். போட்டோ எடுக்க விடமாட்டார். கடைவீதியில் யாராவது "ஆரூட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டால், "குப்பையில கெடந்ததுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பார். ஒரு தடவைகூட அவர் வாயால் என் பிள்ளை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் பள்ளிக்கூடத்தில் மேடையேற்றக் கேட்டார்கள்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவை அங்கே வார்ஷிகம் என்பார்கள். நாற்று நடவுப் பாட்டு ஒன்றுக்குச் சின்னப் பிள்ளைகள் ஆட வேண்டும். நடுகிற பெண்களாகப் பெரிய பிள்ளைகள், உழவு மாட்டுக்குப் பின்னால் வருகிற கொக்குகளாகப் பொடிசுகள். பொடிசுகளிலும் பொடிசு என் மகள். டீச்சர் பாலக்காட்டு டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிற இளம்பெண், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். "இந்தக் குட்டியை முன்னால நிறுத்தணும். அவதான் முதல் கொக்கு" என்று என்னிடம் சொன்னாள்.

எனக்கு மனசு எப்படித் துள்ளியது என்று சொல்லி மாளாது. எனக்கு மேடை ஆசை ஒன்றும் கிடையாது. என் ஆசை வேறு. ஐந்து வருஷமாக ஒரு பிள்ளையைத் திருட்டுப் பொருள் மாதிரி மறைத்து வளர்க்கிறேன். ஒரு நாளாவது நாலு பேர் முன்னால் அவளை நிறுத்தி, இதோ இவள்தான் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதற்கு அவர் சம்மதிக்க வேண்டுமே.

"ஆயிரம் பேரு கண்ணு. வேண்டாம்" என்றார். அதோடு கை கழுவி எழுந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். நிதானமாகிவிடுவேன். அதுதான் ஆபத்து என்று அவருக்குத் தெரியும்.

"ஏனுங்க, அது நம்ம புள்ளையே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்றது ஆருங்க?"

"நான்தான்."

"பொறவு வேண்டாம்னு சொல்றதுக்கு நீங்க ஆருங்க? புள்ளைக்குச் சொந்தக்காரி கெழக்கூட்டுல இருக்கறா. அவளைக் கேட்டுக்கறேன்."

நேராகக் கிழக்கு வீட்டுக்குப் போனேன். அக்கா மாவாட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையைக்கூடக் கழுவாமல் என்னோடு வந்துவிட்டாள். வாசலில் நின்றுகொண்டு, "ஏந் தம்பி, என்ற புள்ளை ஆடறதுக்குக் குறுக்க நிக்கறது எவன்?" என்றாள். அவர் என்ன பதில் சொல்வார்? இல்லை, அது என் பிள்ளை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாமல்தானே இத்தனை வருஷமும். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்படியோ போங்க. நான் வரமாட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். அன்றைக்கு நானும் அக்காவும் சிரித்த சிரிப்பில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்துவிட்டோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கொக்கு வளர ஆரம்பித்தது.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லிக் கொடுத்தது கையை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு சுற்றி வருவது மட்டும். என் மகளுக்கு அது பிடிக்கவில்லை. "கொக்கு அப்படிப் போகாதும்மா" என்றாள். கதவைத் திறந்தால் கொக்கு நிற்கிற ஊரில் பிறந்தவளை யார் ஏமாற்ற முடியும்? நாற்றங்கால் உழுதுகொண்டிருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்தோம். கொக்கு நடக்கும்போது கழுத்து முதலில் போகிறது, உடம்பு பின்னால் வருகிறது. புழுவைப் பார்க்கும்போது நேராகப் பார்ப்பதில்லை, ஓரக்கண்ணால் பார்க்கிறது. நின்றால் ஒரு காலை எங்கேயோ ஒளித்து வைத்துக்கொள்கிறது. என் மகள் எங்கள் கறவை மாட்டுக்குப் பின்னால் கழுத்தை நீட்டி நீட்டி நடந்தாள். மாடு அவ்வப்போது திரும்பிப் பார்த்து, இது என்ன புதுத் தொந்தரவு என்று வாலால் ஒரு வீச்சு வீசும்.

ஒற்றைக் காலில் நிற்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. இரண்டு மூச்சு விடுவதற்குள் தொப்பென்று விழுவாள். அவளுக்குத் துணையாக நானும் நின்றேன். அக்கா நின்றாள். அக்கா வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பால் வாங்க வந்தவர் களத்தில் இத்தனை பேர் ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்.

என் வீட்டுக்காரர் மட்டும் இந்தப் பக்கமே வரவில்லை. வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் பிள்ளை மறுபடியும் மறுபடியும் விழுந்துகொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் திரும்பினார்.

"அடக் கழுதை, கீழ பாத்தா உழுகாம என்ன பண்ணுவ? தூரத்துல ஒரு பனைமரத்தைப் பாரு. கண்ணு அங்கயே இருக்கோணும்."

அவள் பனையைப் பார்த்தாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். காக்கை ஒன்று வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து போகிற வரைக்கும் நின்றாள். அவர் கையில் கயிறு திரிவது நின்று போயிருந்தது. உதடு ஏதோ சொல்ல வந்தது. "கண்றாவி" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் கயிறு திரிக்க அவருக்கு அந்த மரத்தடிதான் தோதாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் தேவைக்கு மேல் கயிறு இருந்தது.

உடுப்புக்கு வெள்ளைத் துணி வேண்டும். அவருடைய எட்டு முழ வேட்டியில் ஒன்றை, விசேஷத்துக்குக் கட்டுவதை, கேட்காமல் எடுத்து வெட்டிவிட்டேன். அக்கா வீட்டுத் தையல் மிஷினில் இறக்கை வைத்துத் தைத்தோம். பனையோலையைக் கூம்பாகச் சுருட்டி, மஞ்சள் பூசி, நூல் கட்டி மூக்கு செய்தோம். வேட்டி போனதை அவர் கண்டுபிடித்தார். திட்டுவார் என்று நான் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கால் என்ன நெறம்?" என்றார்.

"கொக்குக் கால் கருப்புங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கருப்பா பூசோணுமா? அதை நான் பாத்துக்கறேன்" என்றார். விழா அன்று அடுப்புக்கரியை அவரே அரைத்து, பிள்ளையை மடியில் உட்கார வைத்து, முழங்கால் வரை பூசினார். அத்தனை கருப்புக்கு மேல் எவன் கண் படும் என்கிற தைரியம். அதற்கு மேலும் ஒரு பொட்டு இருக்கட்டும் என்று, வீட்டில் விளக்கெண்ணெய்த் திரியில் பிடித்த மையை விரலால் தொட்டு, கன்னத்தில் ஒன்று வைத்தார். நானும் பார்த்தேன். ஒரு பொட்டுதானே, போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் ஊர்ப் பெண்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு.

நாங்கள் மாட்டு வண்டியில் போனோம். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பெண்களும் ஏறிக்கொண்டார்கள். அக்கா முன்யோசனையாக மைச் சிமிழை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெள்ளை உடுப்பு, முகத்தில் பவுடர், மஞ்சள் மூக்கு. என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தாள். அக்கா பெருமூச்சு விட்டாள், சிமிழைத் திறந்தாள், நெற்றியோரம் ஒன்று வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்குத் தன் கண் பட்டுவிட்டால் என்ன ஆவது என்று பயம். அவள் இன்னொரு கன்னத்தில் ஒன்று வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் மோவாயில். அடுத்தவள் காதோரம். இப்படிச் சிமிழ் கை மாறிக்கொண்டே போனது. யாரும் பிள்ளையை அழகு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பொட்டு வைத்தார்கள், அவ்வளவுதான். இருட்டத் தொடங்கியிருந்ததால் நான் சரியாகக் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் டியூப்லைட் வெளிச்சத்தில் இறக்கினபோதுதான் பார்த்தேன். கொக்கு இல்லை. அம்மை போட்ட மாதிரி ஏதோ ஒரு பறவை.

டீச்சர் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஈரத் துண்டை எடுத்துத் துடைத்தாள். விளக்கெண்ணெய் மை தண்ணீருக்கு அசையுமா? இழுத்த இழுப்புக்கெல்லாம் பரவியது. மேலே பவுடரைக் கொட்டினாள். பவுடரும் மையும் குழைந்து முகம் முழுக்க அடுப்புச் சாம்பல் நிறமாகிவிட்டது. துடைத்த கை பட்டு இறக்கையும் சாம்பலானது. "அய்யோ, இது என்ன கொக்கு?" என்று டீச்சர் அழாத குறை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பிள்ளை மட்டும் ஒன்றும் தெரியாமல், பனைமரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போது படுதா ஓரத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. வரமாட்டேன் என்றவர். சைக்கிளை மிதித்து எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறார். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்து நிம்மதியாக மூச்சு விட்டார். "இப்பத்தான் செரி. ஒருத்தன் கண்ணும் படாது" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது.

திரை விலகியது. டீச்சர் மைக்கில் பாட ஆரம்பித்தாள். நடவுப் பெண்கள் குனிந்து நட்டார்கள். வெள்ளை வெளேரென்று நாலு கொக்குகள் வந்தன. அவர்களுக்கு முன்னால், சாம்பல் நிறத்தில், கழுத்தை நீட்டி நீட்டி என் மகள் வந்தாள்.

எவ்வளவு நன்றாக வந்தாள் தெரியுமா? மற்றப் பிள்ளைகள் கையை அடித்துக்கொண்டு ஓடினார்கள். இவள் ஒருத்திதான் நடந்தாள். ஓரக்கண்ணால் புழுவைப் பார்த்தாள். முன்னால் வந்து ஒற்றைக் காலில் நின்றாள். ஆனால் கூட்டத்துக்குத் தெரிந்தது அந்த முகம்தான். முன்வரிசையில் யாரோ, "அது காக்கயல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. தமிழில் ஒருவன், "காக்கா, காக்கா" என்று கத்தினான். பையன்கள் கா கா என்று கரைந்தார்கள்.

என் மகள் காலைக் கீழே வைத்துவிட்டாள். பனையோலை மூக்கு ஆடியது. அழப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் அத்தனை வசவையும் சிரித்துக்கொண்டே வாங்குகிறவளுக்கு, இந்தச் சிரிப்பு வேறு என்று எப்படியோ புரிந்துவிட்டது. டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டாள். ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ள நான் ஒரு அடி வைத்தேன்.

"ஏனுங்க! சித்த நிறுத்துங்க!"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். துண்டு கீழே விழுந்து கிடந்தது. கோபத்திலும் அந்த மனுஷர் பேச்சில் 'ங்க' விட்டுப் போகவில்லை.

"அது காக்கா இல்லீங்க. கொக்குங்க. நல்லாப் பாருங்க. அந்த நடையைப் பாருங்க."

எல்லோரும் திரும்பிவிட்டார்கள். யாரோ ஒரு பெரியவர், "ஆரூட்டுப் புள்ளைங்க அது?" என்று கேட்டார்.

வாய் பழகிய பதில் ஒன்று அவரிடம் இருந்தது. இத்தனை வருஷம் கடைவீதியிலும் பஸ்ஸிலும் கோயில் வாசலிலும் சொன்னது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். அந்த ஆயிரம் கண்ணையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"என்ற புள்ளைங்க. நான் பெத்த புள்ளைங்க. நெம்ப அழகா இருக்குதுங்க."

மேடையில் என் மகள் சாம்பல் இறக்கையைத் தூக்கி, டியூப்லைட் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் தேடினாள். அப்படி ஒரு வார்த்தையை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. யாரைச் சொல்கிறார் என்று அவளுக்கு உண்மையிலேயே சந்தேகம்.

"நானுங்களாப்பா?" என்றாள். அது மைக்கில் விழுந்தது.

"நீதாஞ் சாமி" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். சாம்பல் பூசிய அந்த முகம் முழுக்கச் சிரிப்பு. காலைத் தூக்கி மடித்தாள், கழுத்தை நீட்டினாள், பெஞ்சு மேல் நிற்கிற மனுஷர் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். டீச்சர் பாட்டை விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். முன்வரிசையில் கை தட்டினார்கள், கரைந்த பையன்களும் தட்டினார்கள். அதற்குப் பிறகு என்ன ஆடினாள் என்று எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டால் எதைப் பார்ப்பது? நான் பாட்டுக்கு நின்று அழுதேன், சந்தோஷமாக அழுதேன்.

கிழக்கு வீட்டு அக்கா மை ஒட்டிய கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அம்மிணி, இன்னைக்குத்தான் புள்ளை உன்ற ஊட்டுக்கு வந்திருக்குது" என்றாள்.